எண் பெயரான வரலாறு: பொருள்களுக்கும் சரக்குகளுக்குமான பட்டைக் குறியீட்டு அடையாள எண்கள்

ஆய்வுச் சுருக்கம்

கடைப்பொருள்களின் உறைகளிலும் சரக்குப் பெட்டிகளின் மேலும் அச்சிடப்படும் பட்டைக் குறியீட்டு எண்கள் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருப்பெற்றவை. அவ்வெண்கள் பொருளின் விலையைச் சொல்கின்றன, பிறந்த நாட்டைச் சொல்கின்றன, தரத்துக்குச் சான்றளிக்கின்றன என்னும் கருத்துகள் மக்களிடையே பரவலாக உள்ளன. இக்கருத்துகள் ஏன் பொருந்தா என்பதை அவ்வெண்கள் உருவான வரலாற்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. 1948இல் தொடங்கிய முயற்சிகள், 1970களில் அமெரிக்க மளிகைத் துறையில் எழுந்த விவாதங்கள், ஐரோப்பிய விரிவாக்கம், நூல் எண்ணின் இணைப்பு, சரக்கு அலகுகளுக்கான எண்முறை ஆகியன முறையே ஆராயப்படுகின்றன. இவ்வெண்கள் பொருளை வருணிப்பன அல்ல, பொருளுக்கு இடப்பட்ட பெயர்கள் என்பதும், அவற்றை இடுகுறிப்பெயர் என்னும் தமிழிலக்கணக் கருத்தின் துணைகொண்டு தெளிவாக விளங்கிக்கொள்ள முடியும் என்பதும் கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: பட்டைக் குறியீடு, பொருள் அடையாள எண், சரக்கு எண், சரிபார்ப்பு இலக்கம், முன்னொட்டு, நூல் எண், இடுகுறிப்பெயர்.

முன்னுரை

பார்கோடு என்று பேச்சுவழக்கில் வழங்கும் பட்டைக் குறியீடு இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று, கருவி படிப்பதற்கான கறுப்பு வெள்ளைக் கோடுகள். மற்றொன்று, கோடுகளின் கீழே மனிதர் படிப்பதற்காக அச்சிடப்படும் எண். இவ்விரண்டும் ஒன்றையே குறிப்பன. கோடுகள் எண்ணின் எழுத்துருவம் மட்டுமே. எனவே பட்டைக் குறியீட்டின் வரலாற்றை எழுதுவோர் கோடுகளின் வரலாற்றையும் எண்ணின் வரலாற்றையும் பிரித்துக் காணவேண்டும். கோடுகளைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். எண்ணுக்கு அந்த அளவு கவனம் கிடைத்ததில்லை. ஆனால் நாள்தோறும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எண்ணே ஆகும்.

890 என்று தொடங்கும் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது, 690 முதல் 699 வரை தொடங்குவது சீனப் பொருள், ஆகவே எண்ணைப் பார்த்து வாங்குக என்னும் அறிவுரைகள் கைப்பேசிகளில் தொடர்ந்து பகிரப்படுகின்றன. நூலின் பின்னட்டையில் எண் இருந்தால் அந்நூல் தரமானது என்னும் எண்ணம் கல்வியுலகிலும் உண்டு. இவ்விரண்டு பிழைகளுக்கும் மூலம் ஒன்றே: பெயராக இடப்பட்ட எண்ணை வருணனையாக வாசிப்பது. அவ்வாசிப்பு ஏன் பிழையாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொறியும் எண்ணும்

வணிகப் பொருளின்மேல் அடையாளமிடுவது பழைய வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் துறைமுகத்தின்வழிச் செல்லும் பண்டங்களின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல்-காதிம், பெரனிகே ஆகிய துறைகளில் தமிழ்ப் பெயர்கள் பொறிக்கப்பட்ட பானையோடுகள் கிடைத்துள்ளன. முன்னது அரசின் சுங்க ஆணையைக் குறிப்பது. பின்னவற்றுள் ஆட்பெயர் உள்ளவை உரியவர் யார் என்பதைக் குறிப்பன எனக் கருதலாம். இவ்வகை அடையாளங்கள் 'யார் விடுத்தது', 'யாருடையது' என்னும் வினாக்களுக்கு விடையளித்தன.

இருபதாம் நூற்றாண்டின் எண்முறை எழுப்பிய வினா வேறு. 'இது எது?' என்பதே அவ்வினா. ஆயிரக்கணக்கான பொருள்வகைகள் ஒரே கூரையின்கீழ் விற்கப்படும் தன்னுதவிக் கடைகள் பெருகியபோது, பணம் பெறும் இடத்தில் ஒவ்வொரு பொருளின் விலையையும் பணியாளர் பார்த்துத் தட்டச்சிட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் வரிசை நீண்டது. தட்டச்சுப் பிழை மிகுந்தது. எந்தப் பொருள் எவ்வளவு விற்றது என்பது கணக்கெடுப்பு நாள்வரை தெரியாதிருந்தது. பட்டைக் குறியீட்டு எண் இச்சூழலில் பிறந்தது.

2. மணலில் வரைந்த கோடுகள்

1948ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த ட்ரெக்சல் தொழில்நுட்பக் கழகத்துக்கு உணவுப்பொருள் கடைத்தொடர் ஒன்றின் தலைவர் வந்தார். பணம் பெறும் இடத்தில் பொருளின் விவரத்தைத் தானாகவே படித்தறியும் முறையொன்றை ஆராய்ந்து தருமாறு அவர் கழகத்தின் துறைத்தலைவரிடம் வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆனால் அவ்வுரையாடல் பட்டமேற்படிப்பு மாணவர் பெர்னார்ட் சில்வரின் செவியில் விழுந்தது. அவர் அதைத் தம் நண்பர் ஜோசப் உட்லண்டிடம் கூறினார்.

உட்லண்ட் அந்தக் குளிர்காலத்தில் மயாமி கடற்கரையில் அமர்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார். சாரணர் பயிற்சியில் கற்ற மோர்ஸ் குறியீடு ஒன்றே அவர் அறிந்திருந்த குறியீட்டு முறை. மணலில் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் இட்டு, விரல்களால் அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தபோது மெல்லியதும் தடித்ததுமான கோடுகள் உருவாயின என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1949 அக்டோபர் 20 அன்று இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1952 அக்டோபர் 7 அன்று 2,612,994 என்னும் எண்ணில் காப்புரிமை கிடைத்தது. எத்திசையிலிருந்தும் படிக்க ஏதுவாகக் கோடுகளை ஒருமைய வட்டங்களாக வளைத்த வடிவமும் அதில் இருந்தது.

எண்ணம் முன்னே பிறந்தது. கருவி பின்னே வரவேண்டியிருந்தது. கோடுகளைப் படிக்கச் செறிந்த ஒளியும், படித்ததைக் கணிக்க மலிவான கணினியும் தேவைப்பட்டன. லேசர் 1960இல்தான் உருவாயிற்று. இருவரும் காப்புரிமையை 1962இல் 15,000 டாலருக்கு விற்றனர். சில்வர் 1963இல் மறைந்தார். காப்புரிமைக் காலம் 1969இல் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் கழித்தே முதற்பொருள் கடையில் வருடப்பட்டது.

3. தொடர்வண்டிப் பெட்டிகள் தந்த பாடம்

கடைப்பொருளுக்கு முன்பே சரக்குப் போக்குவரத்தில் இம்முறை சோதிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் தொடர்வண்டி நிறுவனங்களின் சரக்குப் பெட்டிகள் நாடெங்கும் பிற நிறுவனங்களின் தடங்களிலும் ஓடின. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்பதை அறிவதே பெருஞ்சிக்கலாக இருந்தது. டேவிட் காலின்ஸ் என்னும் பொறியாளர் சில்வேனியா நிறுவனத்தில் இருந்தபோது கார்ட்ராக் என்னும் முறையை உருவாக்கினார். ஒளியைத் திருப்பியனுப்பும் வண்ணப்பட்டைகளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, தடத்தோரக் கருவி அவற்றைப் படிக்கும்படி அது அமைந்தது. 1961இல் பாஸ்டன்–மெய்ன் தொடர்வண்டித் தடத்தில் சோதனை தொடங்கியது. 1967இல் அமெரிக்கத் தொடர்வண்டிச் சங்கம் அதனைப் பொதுத்தரமாக ஏற்றது.

ஆயினும் 1970களின் இறுதியில் அம்முறை கைவிடப்பட்டது. பட்டைகளின்மேல் அழுக்குப் படிந்தது. அவற்றைத் துடைத்துப் பேணும் செலவை ஏற்க நிறுவனங்கள் முன்வரவில்லை. படிக்கவியலாத பெட்டிகளின் விகிதம் பெருகியது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, தரத்தை ஏற்பது மட்டும் போதாது, அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதும் முடிவாகவேண்டும். மற்றொன்று, குறியீடு பழுதுபட்டால் கருவி தவறாகப் படிப்பதைவிடப் படிக்காமலே விடுவது நன்று. பின்னர் வந்த மளிகைத் துறையில் குறியீடு ஒரு முறை பயன்பட்டு எறியப்படும் உறையில் அச்சிடப்பட்டதால் முதற்சிக்கல் பெரிதாக எழவில்லை. இரண்டாவதற்குச் சரிபார்ப்பு இலக்கம் விடையாயிற்று.

4. எத்தனை இலக்கங்கள்?

பட்டைக் குறியீட்டின் வரலாற்றில் தீர்மானமான விவாதம் கோடுகளைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியது. 1969இல் சின்சினாட்டி நகரில் மளிகைப் பொருள் உற்பத்தியாளர்களின் பேராளர்களும் உணவுக் கடைத்தொடர்களின் பேராளர்களும் கூடினர். தாம் முன்பே பயன்படுத்திவந்த எண்முறைகளை உள்ளடக்கக்கூடிய பதினோரிலக்க எண்ணை உற்பத்தியாளர்கள் வேண்டினர். எளிய, செலவு குறைந்த கருவிகளுக்கு ஏற்ற ஏழிலக்க எண்ணைக் கடைக்காரர்கள் வேண்டினர். உடன்பாடு எட்டாமலே கூட்டம் கலைந்தது.

1970இல் இரு தரப்பின் நிறுவனத் தலைவர்களையும் கொண்ட தனிக்குழு ஒன்று அமைந்தது. ஹெயின்ஸ் நிறுவனத்தின் தலைவர் பர்ட் கூக்கின் அதற்குத் தலைமை தாங்கினார். மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் ஆய்வுக்குத் துணைநின்றது. குழு பத்திலக்க எண்ணைத் தேர்ந்தது. அதில் முதல் ஐந்து இலக்கங்கள் உற்பத்தியாளரைக் குறிக்கும். அடுத்த ஐந்து இலக்கங்களை உற்பத்தியாளரே தம் பொருள்களுக்கு இட்டுக்கொள்வார். பின்னர் முன்னே ஒரு வகை இலக்கமும் பின்னே ஒரு சரிபார்ப்பு இலக்கமும் சேர்ந்து பன்னிரண்டு இலக்கங்களாயின.

இத்தீர்வின் நுட்பம் பொறுப்பைப் பகிர்ந்ததில் உள்ளது. பொது அமைப்பு ஒன்று நிறுவனத்துக்கு எண் தருகிறது. பொருளுக்கான எண்ணை நிறுவனம் தானே இடுகிறது. ஒரே எண் இரு பொருள்களுக்கு அமையாமல் இருப்பதற்கு இதுவே போதும். பொருள் சோப்பா, பருப்பா, எவ்வளவு எடை, எந்த ஆலையில் செய்தது என எதையும் எண்ணுக்குள் பொதிய வேண்டியதில்லை. விலையும் எண்ணில் இல்லை. அது கடையின் கணினியில் இருந்தது. எண் அங்குள்ள பதிவைத் திறக்கும் திறவுகோல் மட்டுமே.

இதனைத் தமிழிலக்கண மரபில் எளிதாக விளக்கலாம். நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுக்கிறது. 'மரம்', 'பனை' என்பன காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கிய இடுகுறிகள்; 'பறவை' என்பது பறத்தலாகிய காரணம் பற்றி வந்தது. பொருள் அடையாள எண் முழுக்க முழுக்க இடுகுறி. அதனைக் காரணப்பெயராகக் கொண்டு அதற்குள் நாட்டையும் தரத்தையும் தேடுவதே பிழைகளின் பிறப்பிடம்.

5. கோடுகளின் தேர்வும் முதல் விற்பனையும்

எண் முடிவான பின்னரே அதனை எழுதும் வடிவம் தேடப்பட்டது. ஆலன் ஹேபர்மன் தலைமையிலான குறியீட்டுத் தேர்வுக் குழு பல நிறுவனங்களின் வடிவங்களைச் சோதித்தது. ஆர்சிஏ நிறுவனத்தின் வட்ட வடிவம் 1972இல் சின்சினாட்டிக் கடையொன்றில் நடைமுறையில் ஆய்வு செய்யப்பட்டது. அச்சிடும்போது மை ஓடும் திசையில் வட்டத்தின் கோடுகள் கலங்கின. கருவியால் படிக்க இயலவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் உருவாக்கிய நேர்க்கோட்டு வடிவில் கோடுகளை மை ஓடும் திசையிலேயே அமைக்கலாம். மை கசிந்தால் கோடு நீளுமேயன்றித் தடிமன் மாறாது. 1973 ஏப்ரல் 3 அன்று அவ்வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட குறியீடு தேர்ந்தெடுக்கப்பட்டது. உட்லண்டும் அப்போது ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிவந்தார் என்பது வரலாற்றின் இனிய ஒருமிப்பு.

அக்குறியீட்டின் அகலம் 95 அலகுகள். ஒவ்வோர் இலக்கமும் ஏழு அலகு அகலம் உடையது. இடப்பக்கம் ஆறு இலக்கங்களுக்கு 42 அலகுகள், வலப்பக்கம் ஆறு இலக்கங்களுக்கு 42 அலகுகள், இரு ஓரங்களிலும் மும்மூன்று, நடுவில் ஐந்து எனக் காவற்கோடுகளுக்குப் பதினொன்று. இடப்பக்க இலக்கங்களில் கறுப்பு அலகுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, வலப்பக்கத்தில் இரட்டைப்படை. ஆகவே பொருளைத் தலைகீழாகப் பிடித்தாலும் கருவி திசையை உணர்ந்து எண்ணைச் சரியாகப் படிக்கிறது.

1974 ஜூன் 26 அன்று காலை ஒகையோ மாநிலத்தின் ட்ராய் நகரிலுள்ள மார்ஷ் கடையில் 67 சென்ட் விலையுள்ள ஜூசி ஃப்ரூட் மெல்லுமிட்டாய்ப் பொதி வருடப்பட்டது. ஆனால் வரவேற்பு உடனே கிட்டவில்லை. ஒவ்வொரு பொருளின்மீதும் விலை ஒட்டும் வழக்கம் மறைந்தால் வாங்குவோர் ஏமாற்றப்படுவர் என நுகர்வோர் அமைப்புகள் அஞ்சின. வேலையிழப்பு நேருமெனத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மிச்சிகன் மாநிலம் 1976இல் பொருள்தோறும் விலையிடுவதைக் கட்டாயமாக்கிய சட்டத்தை இயற்றி, 2011இல்தான் நீக்கியது. எண்ணில் விலை இல்லை என்பதை அம்மக்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர். அவர்களின் அச்சத்துக்கு அடிப்படை அதுவே. விலை கடைக்காரரின் கணினிக்குள் மறைந்ததை ஈடுசெய்யச் சட்டம் தேவைப்பட்டது. இந்தியாவில் உறையின்மீது அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடும் கட்டாயம் இருப்பதால் இச்சிக்கல் அவ்வளவு கூர்மையாக எழவில்லை.

6. பன்னிரண்டு பதின்மூன்றானது

1977இல் பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகளின் உற்பத்தியாளர், வணிகர் அமைப்புகள் கூடி பிரசெல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியப் பொருள் எண்ணிடல் சங்கத்தை நிறுவின. அமெரிக்க முறையை விட்டு விலகாமல் கூடுதல் நாடுகளுக்கு இடமளிக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பதின்மூன்றாம் இலக்கம் முன்னே சேர்க்கப்பட்டது. ஆனால் கோடுகளின் அகலம் அதே 95 அலகுகளாகவே நின்றது.

இது எவ்வாறு இயன்றது? முன்னே சேர்ந்த இலக்கத்துக்குத் தனிக்கோடு இல்லை. இடப்பக்க ஆறு இலக்கங்களுள் எவை ஒற்றைப்படை வடிவிலும் எவை இரட்டைப்படை வடிவிலும் எழுதப்படுகின்றன என்னும் ஒழுங்கே அவ்விலக்கத்தை உணர்த்துகிறது. ஆறும் ஒற்றைப்படையாயின் முதல் இலக்கம் சுழி. அமெரிக்கக் குறியீடுகள் அனைத்தும் அவ்வாறே அமைந்திருந்தமையால் அவை சுழியில் தொடங்கும் பதின்மூன்றிலக்க எண்களாகத் தாமாகவே மாறின. ஐரோப்பியக் கருவி அமெரிக்கப் பொருளைப் படித்தது. அமெரிக்கக் கருவிகள் பல ஐரோப்பியப் பொருளைப் படிக்க அறியாதிருந்தன. வட அமெரிக்கக் கடைகள் 2005 ஜனவரி 1க்குள் பதின்மூன்றிலக்க எண்களை ஏற்கவேண்டும் என இலக்கு வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இணைந்த உலக அமைப்பு ஜிஎஸ்1 என்னும் பெயரைப் பெற்றது.

7. சரிபார்ப்பு இலக்கத்தின் வலிமையும் எல்லையும்

எண்ணின் கடைசி இலக்கம் முன்னுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. பதின்மூன்றிலக்க எண்ணில் இடமிருந்து இலக்கங்களை மாறிமாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டவேண்டும். அத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்ணே சரிபார்ப்பு இலக்கம். விளக்கத்துக்காக 890123456789 என்னும் தொடரைக் கொள்வோம். ஒற்றை இடங்களிலுள்ள 8, 0, 2, 4, 6, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டை இடங்களிலுள்ள 9, 1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 34. அதன் மும்மடங்கு 102. மொத்தம் 130. அது பத்தின் மடங்கே ஆதலால் சரிபார்ப்பு இலக்கம் 0.

ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இம்முறை அதனை எப்போதும் கண்டுபிடித்துவிடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் கண்டுபிடிக்கும், எப்போதும் அன்று. '34' என்பது '43' ஆனால் தொகை மாறிப் பிழை வெளிப்படும். ஆனால் '27' என்பது '72' ஆனால் 2+21=23, 7+6=13 என வேறுபாடு சரியாகப் பத்தாகிறது; பிழை மறைந்துவிடுகிறது. ஐந்து வேறுபாடுடைய இலக்க இணைகள் அனைத்துக்கும் இது பொருந்தும். வெவ்வேறான இரு இலக்கங்களின் 45 இணைகளுள் ஐந்து இத்தகையவை. அதாவது இடமாற்றப் பிழைகளுள் ஒன்பதில் ஒருவகை தப்பிவிடுகிறது. கருவி படிக்கும்போது இடமாற்றம் நேர்வது அரிது; கையால் தட்டச்சிடும்போதே அது மிகுதி. எனவே குறியீடு கிழிந்த பொருளின் எண்ணைக் கையால் பதிவோர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும்.

8. முன்னொட்டும் நாடும்

எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நாட்டு உறுப்பமைப்பு அவ்வெண்ணை வழங்கியது என்பதைக் காட்டுகின்றன. இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888, மலேசியாவுக்கு 955. இந்திய அமைப்பு 1996இல் தொடங்கப்பட்டது. அந்த அமைப்பில் பதிவுசெய்த நிறுவனம் தன் பொருளை எந்த நாட்டு ஆலையில் செய்வித்தாலும் அதன்மேல் 890இல் தொடங்கும் எண்ணையே இடலாம். மறுதலையாக, வெளிநாட்டில் பதிவுசெய்த நிறுவனம் தமிழ்நாட்டு ஆலையில் செய்யும் பொருள் வேறு முன்னொட்டைப் பெற்றிருக்கலாம். முன்னொட்டு எண் பெற்ற இடத்தைக் காட்டுமேயன்றிப் பொருள் செய்யப்பட்ட இடத்தைக் காட்டாது. ஜிஎஸ்1 அமைப்பே இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது.

இப்பிழை விளையாட்டன்று. முன்னொட்டை நம்பிப் புறக்கணிப்போர் உள்ளூர்த் தொழிலாளர் செய்த பொருளையே புறக்கணிக்க நேரலாம். இறக்குமதிப் பொருளை உள்நாட்டுப் பொருளெனக் கருதி வாங்கவும் நேரலாம். செய்யப்பட்ட நாட்டை அறிய விரும்புவோர் பார்க்கவேண்டியது உறையின்மேல் எழுத்தில் உள்ள அறிவிப்பையே. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் விதிகள் இறக்குமதிப் பொதிகளில் பிறப்பு நாட்டை அச்சிடக் கோருகின்றன. எண் சொல்லாததைச் சொல்லவே சட்டம் சொற்களைக் கோருகிறது.

9. நூல் எண்: ஒரு தனி வரலாறு

நூல்களின் எண் மளிகை எண்ணுக்கு மூத்தது. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் கிடங்கைக் கணினிமயமாக்க முனைந்தபோது, புள்ளியியல் பேராசிரியர் கோர்டன் ஃபாஸ்டர் ஒன்பதிலக்க நூல் எண்ணை வகுத்தளித்தார். 1970இல் அது பத்திலக்கப் பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் சரிபார்ப்பு முறை பதினொன்றால் வகுப்பதை அடிப்படையாகக் கொண்டது. மீதி பத்தாக வரும்போது எழுத 'எக்ஸ்' என்னும் எழுத்து தேவைப்பட்டது. ஆனால் ஓரிலக்கப் பிழையோடு எல்லா இடமாற்றப் பிழைகளையும் அது கண்டுபிடித்தது.

நூலும் கடைப்பொருளே ஆதலால் அதனைப் பொருள் எண்முறைக்குள் சேர்க்கவேண்டியிருந்தது. எந்த நாட்டுக்கும் உரியதல்லாத 978 என்னும் முன்னொட்டு நூலுக்கென ஒதுக்கப்பட்டது. 'நூல்நாடு' என்று அதனை விளையாட்டாகக் கூறுவர். 2007 ஜனவரி 1 முதல் நூல் எண்ணே பதின்மூன்றிலக்கமாயிற்று. அன்றிலிருந்து சரிபார்ப்பும் மளிகை முறையிலேயே அமைகிறது. உலகப் பொதுமையைப் பெற்ற நூல் எண், தன் பிழையறியும் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தது. நூலகப் பதிவேடுகளில் எண்ணைக் கையால் பதிவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இலக்கத்தின் பொருளை அதன் இடமே முடிவுசெய்கிறது என்பதற்கும் நூல் எண் தக்க சான்று. பொருள் எண்ணின் தொடக்கத்தில் 955 வந்தால் அது மலேசிய அமைப்பைக் குறிக்கும். நூல் எண்ணில் 978ஐ அடுத்து 955 வந்தால் அது இலங்கையைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் வெளியான தமிழ்நூலின் 955 வேறு, கோலாலம்பூர்க் கடைப்பொருளின் 955 வேறு. இந்திய நூல்களுக்கு 81, 93 ஆகிய தொகுதி எண்கள் வழங்குகின்றன. இராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இந்தியாவில் அவற்றை வழங்குகிறது.

கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளின் அட்டையில் இவ்வெண் இருப்பதையே தரச்சான்றாகக் கொள்ளும் பழக்கம் நம் கல்விச் சூழலில் உண்டு. எண் வழங்கும் முகமை நூலின் உள்ளடக்கத்தை மதிப்பிடுவதில்லை. அது வெளியீட்டாளரையும் பதிப்பையும் அடையாளப்படுத்துகிறது, அவ்வளவே. இதழ்களின் எட்டிலக்க எண்ணுக்கும் இது பொருந்தும். தரத்தை அறிய நூலைப் படிப்பதற்கு மாற்று வழியில்லை.

10. சரக்கின் எண்

ஒரு பெட்டியில் இருபத்துநான்கு சோப்புக் கட்டிகள் இருந்தால் கட்டியின் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கலாகாது. இருந்தால் ஒரு பெட்டி ஒரு கட்டியாகக் கணக்கில் ஏறிவிடும். எனவே பெட்டிக்குப் பதினான்கிலக்க எண் வந்தது. கட்டி எண்ணின் முதல் பன்னிரண்டு இலக்கங்களுக்கு முன்னே பொதிநிலையைக் காட்டும் ஓர் இலக்கம் சேர்த்து, சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணிப்பர். முற்கூறிய எடுத்துக்காட்டில் 8901234567890 என்னும் பொருளின் பெட்டி, பொதிநிலை இலக்கம் 1 எனில், 18901234567897 ஆகும். நெளிவட்டைப் பெட்டியின் சொரசொரப்பான பரப்பில் நுண்ணிய அச்சு தெளிவாக விழாது. ஆதலால் தடித்த கோடுகளும், சுற்றிலும் தாங்கு சட்டமும் கொண்ட வேறொரு குறியீட்டு வடிவம் இதற்குப் பயன்படுகிறது.

இதுவும் வகையின் பெயரே. அதே அளவுடைய எல்லாப் பெட்டிகளும் ஒரே எண்ணைக் கொண்டிருக்கும். ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கு இன்று புறப்பட்ட இந்த ஓர் அடுக்குப்பலகைச் சரக்கு எங்கே உள்ளது என்னும் வினாவுக்கு வகையின் பெயர் விடையளிக்காது. அதற்கென அமைந்தது பதினெட்டிலக்கச் சரக்கு அலகு எண். நீட்டிப்பு இலக்கம் ஒன்று, நிறுவன முன்னொட்டும் தொடர் எண்ணும் சேர்ந்து பதினாறு, சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. இதற்கு முன்னே அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழிகள் அச்சிடப்படும். பின்வருவது சரக்கு அலகு எண் என்பதை அவை கருவிக்கு அறிவிக்கின்றன. ஓர் எண்ணைச் சரக்கு அனுப்பிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பது விதி. உள்ளே என்ன இருக்கிறது என்பதை இவ்வெண்ணும் சொல்வதில்லை. அனுப்புவோர் பெறுவோருக்கு முன்கூட்டியே அனுப்பும் மின்னணு அறிவிப்பில் அவ்விவரம் இருக்கும். எண் அவ்விரண்டையும் இணைக்கிறது.

கப்பலில் ஏறும் சரக்குப் பெட்டகத்தின் எண் இதனின் வேறானது. நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட அவ்வெண்ணின் முதல் மூன்று எழுத்துகள் பெட்டகத்தின் உரிமையாளரைக் குறிக்கின்றன. செங்கடற்கரைப் பானையோட்டின் பெயரைப்போல 'யாருடையது' என்னும் வினாவுக்கே அது முதலில் விடையளிக்கிறது. பழைய வினா மறையவில்லை. புதிய வினாக்களுடன் சேர்ந்து நிற்கிறது.

11. வகைப்பெயரிலிருந்து தனிப்பெயருக்கு

நன்னூல் நெறியில் 'மரம்' என்பது பொதுப்பெயர், 'பனை' என்பது சிறப்புப்பெயர். எனினும் பனை என்னும் பெயரும் பனைகள் அனைத்துக்கும் உரியதே; இந்த ஒரு பனையைச் சுட்ட அது போதாது. பதின்மூன்றிலக்க எண் 'பனை' போன்றது. சரக்கு அலகு எண்ணோ தோப்பில் நிற்கும் ஒற்றைப் பனைக்கு இட்ட பெயர்.

அண்மைக் காலத்தில் சில்லறைப் பொருளும் இத்தனிப்பெயரை நாடுகிறது. போலி மருந்துகளைத் தடுக்கும் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2019 பிப்ரவரி 9 முதல் மருத்துவர் சீட்டின்பேரில் தரும் மருந்துப் பொதிகளில் வகை எண்ணோடு தனித்தொடர் எண்ணையும் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து வணிகப்பெயர்களின் பொதிகளில் தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் முதலிய விவரங்களைத் தரும் பட்டைக் குறியீடோ கியூஆர் குறியீடோ இடம்பெறுகிறது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994இல் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய கியூஆர் வடிவம், நேர்க்கோட்டில் அடங்காத இவ்விவரங்களைச் சிறு சதுரத்தில் அடக்குகிறது. 2027 இறுதிக்குள் கடைக் கருவிகள் இத்தகைய சதுரக் குறியீடுகளையும் படிக்கவேண்டும் என ஜிஎஸ்1 இலக்கு வைத்துள்ளது. இங்கும் எண்ணின் இயல்பு மாறவில்லை. காலாவதி நாள் எண்ணுக்குள் புகவில்லை, எண்ணை அடுத்துத் தனித்தரவாக நிற்கிறது.

முடிவுரை

பட்டைக் குறியீட்டு எண்ணின் வரலாறு, எண்ணிலிருந்து பொருளுணர்த்தும் சுமையை இறக்கிவைத்த வரலாறு. இலக்கங்களின் எண்ணிக்கை பற்றிய உடன்பாடு எட்டியபின்னரே கோடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வுடன்பாடு எண்ணுக்கு ஒரே கடமையைத் தந்தது: ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டுதல். விலை, நாடு, தரம் ஆகியவற்றை அறியப் பிற இடங்கள் உள்ளன. விலைக்கு உறையின் அச்சு, நாட்டுக்குச் சட்டப்படியான அறிவிப்பு, நூலின் தரத்துக்கு நூலே.

சரிபார்ப்பு இலக்கம் காட்டும் எல்லையும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. அது எண் பிழையின்றிப் படிக்கப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் உறுதிசெய்யும். எண் இடப்பட்ட பொருள் உண்மையானதா என்பதை ஒருபோதும் உறுதிசெய்யாது. போலிப் பொருளின்மேல் உண்மையான எண்ணை அச்சிட எந்தத் தடையும் கோடுகளில் இல்லை. மருந்துப் பொதிகள் தனித்தொடர் எண்ணை நாடியதற்கு இதுவே காரணம். இடுகுறியை இடுகுறியாகவே அறிந்து பயன்படுத்தும் தெளிவு வாங்குவோர்க்கும் நூலகர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒருங்கே வேண்டப்படுவதாகும்.